நாலு இஞ்ச் கூட்டி

இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு ஐம்பதாவது வயதில் விவாகரத்து வாங்கியவளைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியது. திரைக்காரம்மாவோ நிம்மதியாக மூச்சு விட்டாள். கவலையெல்லாம் தொழிலைப் பற்றித்தான். ஜன்னலை அளப்பது கணவர், திரையை வெட்டித் தைப்பது அவள். இத்தனை காலமும் அப்படியே ஓடிவிட்டது. "அளவுக்காரர் அளந்தா துளி பிசகாது" என்று பேரெல்லாம் அவருக்கு.

எல்லா வகுப்பறைக்கும் திரை போட நினைத்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையும் அதையே பிடித்துக்கொண்டார். "அளக்க மட்டும் அவரைக் கூப்பிடக் கூடாதா?"

"நானே அளக்கிறேன் டீச்சர். ஒரே ஒரு வகுப்பறை கொடுங்க. பிடிக்கலேன்னா மீதியை அவருக்கே கொடுத்துடுங்க."

ஏணியில் ஏறினாள். கம்பியிலிருந்து தரைவரை எண்பத்துநாலு இஞ்ச். இரண்டு தடவை அளந்து சீட்டில் குறித்துக்கொண்டாள்.

திரை மாட்டுகிற அன்று மகளும் கூட வந்தாள். "ஏம்மா, இது திரையா, தரை துடைக்கிற துணியா?"

ஆறு திரையும் தரையில் புரண்டன. வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார். "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்."

டேப் வழுக்கிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், கண்ணுகளா. அவள் அப்படிச் செய்யவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புரளும் துணியை அளந்தாள். ஆறிலும் அச்சுப் பிசகாமல் நாலு இஞ்ச். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அளவு சரிதான் டீச்சர், வெட்டினதுதான் தப்பு. அவர் குனியச் சோம்பல்பட்டு, டேப்பைத் தொங்கவிட்டு நின்னபடியே சொல்லுவார். எப்பவும் நாலு இஞ்ச் குறையும். சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பார். அதனால சத்தமில்லாம நாலு கூட்டி வெட்டுவேன். பழகின கை, என் அளவுக்கும் கூட்டிடுச்சு."

தலைமையாசிரியை டேப்பை வாங்கித் தானே ஒரு ஜன்னலை அளந்தார். சீட்டைப் பார்த்தார். இரண்டிலும் எண்பத்துநாலு.

"அப்போ அந்தப் பேரு உங்களுக்கில்ல வந்திருக்கணும்?"

"பேரை அவரே வெச்சுக்கட்டும் டீச்சர். இதையெல்லாம் மடிச்சுத் தைச்சு நாளைக்கே மாட்டிடறேன்."

"மாட்டுங்க. அதுக்கு முன்னாடி மாடிக்குப் போய் ஹாலையும் அளந்துடுங்க. பதினெட்டு ஜன்னல் இருக்கு."

ஏணியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே மகள் கேட்டாள்: "அப்பாகிட்ட இதைச் சொல்லட்டுமாம்மா?"

"நீ எதுக்குடி சொல்லணும்? இனிமே அவர் அளக்கிறதை வேற யாரோதானே வெட்டப்போறாங்க? தானா தெரிஞ்சுடும். நீ படியைப் பார்த்து ஏறு."