பாலகோபாலின் அந்தரங்கம்

பாலகோபால் காலைப் பலகாரமான சந்தகையில் இரண்டாவது தட்டில் கை வைத்திருந்தபோது அமெரிக்காவிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. மின்னஞ்சல் கம்பெனிக்காரன் அனுப்பியிருந்தான். உங்கள் கணக்கு விவரத்தைக் கேட்டு உங்கள் நாட்டு அரசிடமிருந்து எங்களுக்குக் கோரிக்கை வந்திருக்கிறது, தகவலுக்காகத் தெரிவிக்கிறோம். கீழே ஒரு நீளமான எண். எதற்குக் கேட்டார்கள் என்று ஒரு வரி இல்லை.

கணபதியில் பவுண்டரி வைத்து, மோட்டார் பம்புகளுக்கு இரும்பில் உடம்பு வார்த்துக் கொடுக்கிற ஒருவரைப் பற்றி அரசாங்கம் அமெரிக்காவரை போய் விசாரிக்கிறது. முதல் கால் மணி நேரம் பாலகோபாலுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"ரங்கம்மா, டெல்லியில நம்மளப் பத்தி விசாரிக்கறாங்க."

"எதுக்குங்க? ரேஷன் கார்டுல உங்க வயச அஞ்சு கொறைக்கச் சொல்லி எழுதுனீங்களே, அதுக்கா?" என்றாள் மனைவி ரங்கம்மாள்.

"அதுக்கெல்லாம் அமெரிக்காவுக்கு எழுதுவாங்களா. தொழில்ல பெரிய ஆளுங்கன்னா ஒரு கண்ணு வெச்சிருப்பாங்க."

தேங்காய்ப்பால் வந்து சேர்வதற்குள் பெருமை வடிந்துவிட்டது. அரசாங்கம் கணக்கைக் கேட்டால் கடிதங்களைப் படிக்கும். படித்தால் மே மாதம் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தையும் படிக்கும்.

விஷயம் இதுதான். பவுண்டரி முதலாளிகள் சங்கம் ஆண்டுதோறும் ஒருவருக்குத் 'தொழில் செம்மல்' விருது கொடுக்கிறது. அவருடைய பெயரை வேறு யாராவது முன்மொழிய வேண்டும் என்பது விதி. ஏழு வருடம் பாலகோபால் காத்திருந்தார். ஒருவருக்கும் தோன்றவில்லை. எட்டாவது வருடம் அவரே உட்கார்ந்து, தன் பவுண்டரியில் இருபத்தாறு வருடமாக மண்ணில் அச்சுப் பிடிக்கும் மோல்டர் மருதாசலம் எழுதுவதுபோலத் தன்னைப் பற்றி நாலு பக்கம் எழுதி, தன் மெயிலிலிருந்தே அனுப்பிவிட்டார். அதில் 'தொலைநோக்கு' என்ற சொல் ஒன்பது முறை வந்தது. கொடுமுடியில் காவிரி அகலுவதுபோல அவர் உள்ளம் அகன்றது என்றும் ஒரு வரி இருந்தது. விருதும் கிடைத்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா. மாவட்ட ஆட்சியர் கையால் பொன்னாடை.

பாலகோபாலின் மனத்தில் அரசாங்கம் என்பது ஒரே ஆள். அந்த ஆள் டெல்லியில் படித்தது கோயமுத்தூர் ஆட்சியருக்குத் தானாகவே தெரிந்துவிடும். பொன்னாடை போர்த்தும்போது ஆட்சியர் காதருகே குனிந்து, கடுதாசி நல்லா எழுதியிருக்கீங்க என்று சொல்கிற காட்சி அவருக்குக் கண் முன்னால் ஓடியது. உடனே வக்கீல் கலீல் ரஹ்மானைக் கூப்பிட்டார். இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"கலீல், என்ற அந்தரங்க உரிமையில கை வெச்சுட்டாங்கப்பா."

"உனக்கு எப்பப்பா அந்தரங்கம் வந்துச்சு? உன்ற பைபாஸ் ஆபரேஷனுக்கே பிளெக்ஸ் வெச்சவனாச்சே நீ."

"சட்டம் பேசு."

"அந்த நம்பர அனுப்பு, விசாரிக்கறேன். ரெண்டு நாளைக்கு வாயத் தொறக்காம இரு. கஷ்டந்தான், முயற்சி பண்ணு."

அந்த இரண்டு நாளும் பாலகோபால் தன் வாழ்நாளிலேயே மிக நல்ல குடிமகனாக இருந்தார். கடிதத்தை அழித்தால் தடயத்தை அழித்ததாகும். விருதே வேண்டாம் என்று எழுதலாமென்றால் அந்தக் கடிதத்தையும் அவர்கள் படிப்பார்கள். எனவே படிக்கிறவரின் மனத்தைக் குளிர்விக்கத் தீர்மானித்தார். ஈரோட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு இப்படிப் போனது: 'பம்பு உருப்படி இருபத்துநாலும் லாரியில் ஏற்றியாயிற்று. மாவட்ட நிர்வாகத்தின் சாலைப் பணிகள் போற்றத்தக்கவை.' வாடிக்கையாளர் போன் செய்து, லாரி எங்காவது குழியில் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டார்.

வியாழக்கிழமை மதியம் கலீல் ரஹ்மான் பவுண்டரி ஆபீசுக்கே வந்துவிட்டார். மேனேஜர் மெர்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கேட்டது சைபர் கிரைம் போலீஸ்," என்றார் கலீல். "ஒருத்தர் புகார் குடுத்திருக்காரு, அதனால கேட்டிருக்காங்க."

"எவன் அவன்?"

கலீல் ஒரு தாளை எடுத்து, கோர்ட்டில் படிக்கிற குரலில் படித்தார். "'நான் திறப்பதற்கு முன்பே என் கடிதங்கள் திறந்து கிடக்கின்றன. இதன் பின்னணியில் அந்நிய சக்திகள் இருப்பதாக ஐயுறுகிறேன். தயவு தாட்சண்யமின்றி விசாரிக்கவும்.' மார்ச் மாசம். இப்படிக்கு, பாலகோபால்."

வாரத்துக்கு ஒரு மனு போடுகிறவருக்கு மார்ச் மாத மனு நினைவிலிருக்க நியாயமில்லை. பாலகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப, லெட்டரெல்லாம் படிச்சுட்டாங்களா?"

"ஒரு வரி கூடக் கேக்கல. எந்தெந்தப் போன்ல இருந்து எப்பப்பத் தொறந்தாங்கங்கறது மட்டுந்தான். உன்ற போனத் தவிர மொத்தம் பதினாலு போனு. பதினாலு பேரையும் நேத்துப் போன்லயே கூப்பிட்டு விசாரிச்சுட்டாங்க, உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க. எல்லாரும் ஒரே பதிலு. 'அவரேதானுங்க பாஸ்வேர்ட் குடுத்தாரு.'"

உண்மைதான். ஆளுக்கொரு மெயில் எதற்கு, ஒன்று போதாதா என்பது அவர் கொள்கை. கேஸ் புக் பண்ண ரங்கம்மாளுக்கு, பள்ளிக்கூட விஷயத்துக்கு மகளுக்கு, பிஎஃப் விவரம் வருவதற்கு மோல்டர்களுக்கு என்று பன்னிரண்டு வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். ஆபீஸ் காலண்டரில் மாசாணியம்மன் படத்துக்குக் கீழே மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்.

அரசாங்கம் படிக்கவில்லை. பாலகோபாலுக்கு உடம்பெல்லாம் லேசானது. "மெர்சி, மூணு காப்பி சொல்லு," என்றவருக்கு அப்போதுதான் உறைத்தது. பதினாலு போன். அவர் மெர்சியைப் பார்த்தார். மெர்சி கம்ப்யூட்டரை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெர்சி, மே மாசம் ஒரு லெட்டரு..."

"மூணாவது பக்கம் விட்டுப்போயிருந்துச்சுங்க சார். நான்தான் அன்னைக்கே சேத்தி மறுபடி அனுப்பிச்சேன்."

வீட்டுக்குப் போன் போட்டார். ரங்கம்மாள் யோசிக்கவே இல்லை. "படிச்சனுங்க. நாலு பக்கத்துல என்ற பேரு ஒரு எடத்துல கூட இல்லீங்களே. அப்பவே கேக்கோணும்னு இருந்தேன், நீங்க வெசனப்படுவீங்கன்னு உட்டுட்டேன்."

கடைசியாக மருதாசலத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கையில் கரிமண்ணோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"பிஎஃப் மெசேஜ் பாக்கப் போனப்பக் கண்ணுல பட்டுதுங்க மொதலாளி. என்ற பேருல இத்தன தமிழு வருமான்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சுங்க."

"உன்னையக் கேக்காம உம் பேரப் போட்டது தப்புத்தான் மருதாசலம். கோவமா?"

"அதெல்லாம் இல்லீங்க. சங்கத்துல இருந்து, இதெல்லாம் நெசமான்னு கேட்டுத் திருப்பி எழுதியிருந்தாங்க. என்ற பேருக்குத்தானே வந்திருக்குதுன்னு நானே பதில் போட்டுட்டனுங்க. நான் சொல்லச் சொல்ல மெர்சிம்மா டைப் அடிச்சாங்க."

பாலகோபால் அதைப் பார்த்திருக்க வழியில்லை. படிக்காத கடிதங்கள்தான் தடித்த எழுத்தில் தெரியும். அவர் தடித்ததை மட்டுமே படிப்பார். இப்போது அந்தப் பதிலைத் தேட அவசரமாகப் போனை எடுத்தார்.

"அது மருதாசலண்ணனோட சொந்த லெட்டருங்க சார்," என்றாள் மெர்சி. "தனியா அவரு போனுக்கு மாத்திட்டு இதுல அழிச்சுட்டோம்."

"நீயாவது சொல்லப்பா, என்ன எழுதுன?"

மருதாசலம் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "ஞாயித்துக்கெழம படிக்கறாங்களாமாங்க. கேட்டுக்குங்க."

"அந்தரங்க உரிமை, பாலு," என்று கலீல் காப்பியை உறிஞ்சினார்.

அரசாங்கத்திடமிருந்து தப்பியவர் தன் மோல்டரிடம் மாட்டிக்கொண்டார். வெள்ளியும் சனியும் மருதாசலத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் கரி மட்டும்தான் இருந்தது.

ஞாயிறு காலை அவினாசி ரோட்டு மண்டபத்தில் முதல் வரிசையில் ரங்கம்மாள், கலீல், மெர்சி, சலவைச் சட்டையில் மருதாசலம். மேடையில் ஆட்சியருக்குப் பக்கத்தில், எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தபடி பாலகோபால். சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"இவரைப் பற்றி முதலில் நாலு பக்கக் கடிதம் வந்தது. குழு அதை ஒதுக்கி வைத்திருந்தது. விசாரித்ததில் வந்த பதிலைத்தான் இப்போது படிக்கிறேன்."

படித்தார்.

"'அந்த நாலு பக்கத்துல பாதிக்கு மேல உட்டுப்போடுங்க. எங்க மொதலாளி ரொம்பப் பேசுவாருங்க. மீட்டிங்குப் போட்டு வேலையக் கெடுப்பாரு. போன வருசம் என்ற கால் மேல இரும்புக் கொழம்பு கொட்டிருச்சு. வண்டிக்குக் காத்திருக்காம அவரே தோள்ல போட்டுத் தூக்கீட்டு ஓடுனாரு, நெஞ்சு ஆபரேஷன் செஞ்ச மனுசன். ஆஸ்பத்திரியில மூணு நாளு கூடவே இருந்தாரு. மூணு நாளும் பேசிட்டே இருந்தாருங்க. வலி தெரியல. இத அவரு அந்த லெட்டருல எழுதல. மறந்திருப்பாரு. இதுக்குக் குடுக்கறதுன்னாக் குடுங்க.'"

மண்டபம் சிரித்துவிட்டுக் கை தட்டியது. கை தட்டிவிட்டு மறுபடி சிரித்தது. பாலகோபாலுக்குச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஏழு பக்க ஏற்புரை குத்தியது. ஆட்சியர் எழுந்து வந்து பொன்னாடையை விரித்து, அவர் பயந்த மாதிரியே காதருகே குனிந்தார்.

"அந்த மொத நாலு பக்கம் யாருங்க எழுதுனது?"

அரசாங்கம் அமெரிக்காவுக்கு எழுதியபோதும் கேட்காத கேள்வி. பாலகோபால் முதல் வரிசையைப் பார்த்தார். நாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் இரக்கமில்லை.

"நான்தானுங்க," என்றார். "மூணாவது பக்கம் மட்டும் மெர்சி அனுப்பிச்சுது."