கழுத்தில் போடும் மைக்

தனி ஆளாகப் படம் எடுக்கிறவனுக்கு மைக் பார்ப்பது பெண் பார்ப்பதைவிடச் சள்ளை பிடித்த வேலை. காரைக்குடியில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நான், 1971இல் ஒரு பழைய பதினாறு எம்.எம். கேமராவோடும் டேப் ரெக்கார்டரோடும் அந்தச் சள்ளையில் இறங்கினேன்.

காரணம் பொன்னழகு. திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் அவள் புருஷன் மலையாண்டி வெடியில் செத்து நாலு மாதம். எச்சரித்தும் கேட்காமல் போனான் என்று குவாரிக் குத்தகைக்காரர் விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார். திரி பற்றவைக்கும் முன் மூன்று தடவை 'வெடி' என்று கத்த வேண்டும். அன்று யாரும் கத்தவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் வாயே திறக்கவில்லை. பொன்னழகு மட்டும் பேசத் துணிந்தாள். மறுவிசாரணையில் படத்தைப் போட்டுக் காட்டுவதாகத் தொழிலாளர் சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். அவள் குரல் விழாவிட்டால் எல்லாம் வீண்.

முதல் நாள் ஸ்டாண்டு மைக் வைத்தேன். டேப்பைப் போட்டுக் கேட்டால் கேமரா கறகறப்பதும் சுத்தியல் சத்தமும்தான். அவள் எங்கோ கிணற்றுக்குள் இருந்தாள்.

மைக்செட் கடை அப்துல் ஹலீம் பாய் இன்னும் இரண்டை எடுத்து வைத்தார். "முத்தப்பா, இந்த நீளமானது தூரத்துல இருந்தே பிடிக்கும். ஆனா பிடிச்சுக்கிட்டு நிக்க ஒரு ஆளு வேணும். இந்தா, இது கயித்துல கோத்துக் கழுத்துல போடுறது. வாய்க்குக் கிட்டக்க கிடக்கும்."

என் இரண்டு கையும் கேமராவுக்கே சரி. கழுத்து மைக்கை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குவாரி மேட்டில் பொன்னழகை நிறுத்தினேன். பக்கத்தில் அவள் மாமியார் சோணையம்மாள். என் புத்தியெல்லாம் மெஷினில். கயிற்றை விரித்து அவள் தலைக்கு மேல் கொண்டுபோய்விட்டேன்.

சோணையம்மாள் பாய்ந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"எடுடா கைய! எம்மகன் கட்டுன கழுத்துடா அது. நீ யாருடா அதுல கயிறு போட?"

எனக்கு உயிரே போய்விட்டது. அதே ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவன், எத்தனையோ தாலிகட்டுகளைப் படம் பிடித்தவன், எனக்கு இது தோன்றவில்லையே! வெட்கத்தில் மூட்டை கட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நான் போய்விட்டால் குத்தகைக்காரர் எழுதியதே நிலைத்துவிடும். மைக்கைப் பாறைமேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றேன்.

"தப்பு என்னுது ஆத்தா. ஆனா இது இல்லாம இவுக பேச்சு விழாது. நான் போகமாட்டேன்."

பொன்னழகு குனிந்து மைக்கை எடுத்தாள்.

"அயித்தே, அவரு கட்டுனத நீங்கள்லாம் கூடி அவுத்தீக. இத நானே போட்டுக்கிறேன்."

போட்டுக்கொண்டாள். சோணையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்குட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். தடுக்கவில்லை.

கேமராவுக்குச் சாவி கொடுத்தேன். ஒரு சாவிக்கு அரை நிமிஷம்தான் ஓடும். பொன்னழகு என்னைப் பார்த்துப் பேசவில்லை. கீழே பள்ளத்தைப் பார்த்து நின்று, நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்.

"வெடி! வெடி! வெடி!"

என் காதில் இருந்த ஹெட்போனில் சுத்தியல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. பள்ளத்தில் இருந்த முப்பது பேரும் போட்டது போட்டபடி ஓடிப் பாறை மறைவில் பதுங்கினார்கள். வாய் திறக்காத அத்தனை பேரும்தான். கேமரா அவர்களைப் பிடித்தது, பிறகு சாவி தீர்ந்து நின்றது. டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மூச்சு வாங்குவதுகூடச் சுத்தமாக விழுந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பாத்தீகள்ல அண்ணே? கத்துனா ஓடுவாக. அவரும் ஓடியிருப்பாரு."