பிரவீனா ஏறெடுத்த மன்றாட்டு

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் கீழ்வானில் நெடிது நின்று வெண்புகையை மெல்ல அவிழ்த்துவிட, அப்புகையினூடே எழுந்த இளஞாயிறு துலக்காத செப்புத்தட்டெனச் சிவந்து தோன்ற, நீரிணையிலிருந்து உப்பும் எண்ணெயும் கலந்து வந்த காற்று அடுக்கு மாடிகளில் உலர்ந்த தொழிலாளர் சீருடைகளைத் தொட்டசைத்துச் செல்ல, மலேசியத் தென்கோடியின் மாசாய் நகரம் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய சோம்பலோடு கண்விழித்தது. ஏனைய நாள்களில் கருக்கலிலேயே குளவிக் கூட்டம்போல் இரைந்தெழுந்து சிங்கப்பூர்ப் பாலம் நோக்கிப் பறக்கும் ஈருருளிகள் அன்று வாயில்தோறும் தலைசாய்ந்து துயில, கடைத்தெருவின் கோடியிலிருந்த சிறு கிறித்தவக் கோயிலினின்று மணியோசை எழுந்து வரிசை வீடுகளின்மேல் பரவியது. அவ்வோசை கேட்டு மகிழ்ந்து புறப்பட்ட குடும்பங்களுள் ஒன்றுக்கு அன்று நேர்ந்ததையும், அதன்பின் விளைந்ததையும், அன்பரே, கேட்பீராக.

பிரவீனாவின் கணவன் ஜெயபாலன் நாள்தோறும் பாலம் கடந்து சென்று கப்பல் பட்டறையில் உழைத்து மீள்பவன். பதினோரு வயது லோஷினி அவர்கட்கு ஒரே மகள். உண்ணுமுன் நன்றி கூறுவதும், அந்தியில் மூவரும் கூடி ஒரு பாட்டிசைத்து மறைநூலில் ஒரு பகுதி படிப்பதும் அவ்வில்லத்தின் வழக்கம். பாட்டை எடுத்துக் கொடுப்பவள் எப்போதும் லோஷினியே. கடந்த மழைக்காலத்தில் ஜெயபாலன் பாலத்தருகே ஈருருளி சறுக்கி வீழ்ந்து கால் முறிந்து கிடந்தான். எலும்பு கூடியது, அவனும் எழுந்து நடந்தான், ஆயின் தந்தையைக் குருதி தோய்ந்த கட்டோடு கண்ட மகளின் நெஞ்சில் புகுந்த அச்சம் வெளியேற மறுத்து, உறக்கத்தில் அவளறியாமலே படுக்கையை நனைக்கலாயிற்று. தாய் கடிந்துகொள்ளவில்லை. விரிப்பை ஓசையின்றி மாற்றி, மகளை அணைத்து, யாருக்கும் சொல்லமாட்டேன் என்று உறுதி கூறினாள்.

ஆனால் தனியே சுமந்த சுமை நாளடைவில் கனத்தது. கணவனின் தமக்கை ஞானசீலி ஒருநாள் சமையலறையில் உடனமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, பிரவீனா கண்கலங்கி அனைத்தையும் சொல்லிவிட்டாள். ஞானசீலி அத்திருச்சபையின் மாதர் தலைவி. மகன் பிரேமகுமார் வடக்கே மருத்துவம் பயில்கிறான் என்பதை எவ்வுரையாடலிலும் ஒருமுறையேனும் சொல்லி மகிழ்பவள். அவள் தம்பி மனைவியின் தோளைத் தட்டி, "கவலப்படாதே, நான் ஜெபம் பண்றேன்" என்றாள்.

பண்ணினாள். அந்த ஞாயிறன்று, வேண்டுதல்கள் கூறப்படும் வேளையில், சபை முழுதும் கேட்க எழுந்து நின்று, கண்மூடிக் கையுயர்த்தி, "ஆண்டவரே, எங்க தம்பி மகள் லோஷினிக்காக மன்றாடுகிறோம், இவ்வளவு வளர்ந்தும் படுக்கையை நனைக்கும் இந்தக் குழந்தையை விடுவியும்" என்று நீட்டி முழக்கினாள். மூடியிருக்க வேண்டிய கண்கள் பலவும் திறந்தன. சிறுவர் வரிசையில் அடக்க முயன்ற சிரிப்பொன்று குமிழியிட்டுத் தெறித்தது. விடுமுறைக்கு வந்திருந்த பிரேமகுமார்தான், தாயின் வேண்டுதல் முடியுமுன்பே எழுந்து, கல்லாய்ச் சமைந்திருந்த லோஷினியின் கைபற்றி வெளியே அழைத்துச் சென்றான்.

வழிபாடு முடிந்ததும் பிரவீனா ஞானசீலியை அணுகிக் கேட்டாள்: "அண்ணி, உங்களை நம்பித்தானே சொன்னேன்?"

"ஜெபம் பண்ணினது தப்பா?" என்று ஞானசீலி வியந்து கேட்டுவிட்டு, பலகாரத் தட்டை ஏந்தியவளாய் அப்பால் நகர்ந்தாள்.

ஜெயபாலனோ, "அக்கா குணம் தெரிஞ்சதுதானே, விட்டுடு" என்றான். விடக்கூடியதாயில்லை. லோஷினி பாடுவதை நிறுத்தினாள். அந்தி வேளையில் மூவரும் கூடினால் சுவரை நோக்கியிருந்தாள். ஞாயிறுதோறும் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். மகளின் ஒவ்வொரு மௌனமும் தாயின் நெஞ்சில் ஒரு சுள்ளியாய் வீழ்ந்து, அங்கே ஏற்கெனவே கனன்ற தீயை வளர்த்தது. துணி துவைக்கையில் அத்துணி ஞானசீலியின் கழுத்தாயிற்று. அம்மியில் வைத்த மிளகாய் அவள் நாவாயிற்று. பகைவரை நேசி என்னும் திருமொழியைப் படிக்க நேர்ந்தபோது பிரவீனாவின் உதடுகள் அதைப் படித்தன. உள்ளமோ, எப்போது, எவ்விடத்தில், எச்சொல்லால் என்று சூழ்ந்துகொண்டேயிருந்தது. அதே இடத்தில், அதே முறையில், அதே மக்கள்முன் ஞானசீலி வீழவேண்டும் என்பதே பிரவீனா நாளும் ஏறெடுத்த உண்மையான மன்றாட்டு.

அம்மன்றாட்டுக்கு விடைபோல் ஒருநாள் நண்பகலில் பிரேமகுமார் வந்து வாயிலில் நின்றான். முகம் கருத்து, விரல்களில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

"அத்தை, நான் படிப்பை விட்டுட்டேன்" என்றான். "பிணத்தை அறுக்கிற கூடத்துக்குள்ள போனாலே கை நடுங்கும். ரெண்டு வருசம் சமாளிச்சுப் பார்த்தேன், முடியல. இப்ப தெப்ராவுல ஏர்கான் ரிப்பேர் கடையில இருக்கேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அறுப்பின் பண்டிகை முடியட்டும், நானே சொல்லிடுறேன். யார்கிட்டயாவது சொல்லலைனா பைத்தியம் பிடிச்சிடும் போல இருந்துச்சு. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

பிரவீனா அவனுக்குச் சோறிட்டு மீன்குழம்பு ஊற்றினாள். "பயப்படாம சாப்பிடுப்பா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். சொன்ன வாய் மூடுமுன்பே, நெடுநாள் இருளில் துழாவியவளின் கையில் வாளின் பிடி தானே வந்து பொருந்தியதுபோல் ஓர் எண்ணம் அவளுள் பொருந்தியது. அவள் அதை உதறவில்லை, இறுகப் பற்றிக்கொண்டாள்.

விளைச்சலுக்கு நன்றி கூறும் அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைக்குலையும் அன்னாசியும் கரும்புமாய்ப் பலிபீடத்தின் முன் குவிந்து மணக்க, புதுப்புடவை சரசரக்க முன்வரிசையில் ஞானசீலி வீற்றிருந்தாள். அன்றேனும் வாவென்று வற்புறுத்தி, பிரவீனா மகளையும் அழைத்து வந்திருந்தாள். அவள் காண வேண்டும் என்பதே தாயின் விருப்பம். வேண்டுதல் வேளை வந்ததும் பிரவீனா எழுந்தாள். கண்மூடிக் கையுயர்த்தினாள். குரல் தேனாய் ஒழுகியது.

"இரக்கமுள்ள ஆண்டவரே, எங்க அண்ணி மகன் பிரேமகுமாருக்காக மன்றாடுகிறோம். மருத்துவப் படிப்பைக் கைவிட்டுட்டு, தெப்ராவில் ஏர்கான் கடையில் மறைந்து வேலை செய்யும் இந்தப் பிள்ளையைக் கண்ணோக்கும். பெற்ற தாயிடம் சொல்லவே பயப்படுகிறான். அந்தத் தாய்க்கு நீரே ஆறுதல் தாரும்."

"ஆமென்" என்றனர் சிலர், பொருள் உணருமுன்னே. உணர்ந்ததும் சபையெங்கும் சலசலப்பு ஓடியது. பிரவீனா கண்திறந்து பார்த்தாள். ஞானசீலியின் முகம் குருதிக்களை இழந்து சாம்பலாய் வெளுத்திருந்தது. மடியிலிருந்த பாட்டுநூல் நழுவி வீழ, அதை எடுக்கவும் அவள் குனியவில்லை. கோடையில் நெடுவழி நடந்தவன் தொண்டையில் இறங்கும் குளிர்நீர்போல் அக்காட்சி பிரவீனாவின் உள்ளத்தில் இறங்கியது. ஒவ்வொரு மிடறும் இனித்தது. வாயிலில் ஞானசீலி வழிமறித்து, "இப்ப திருப்திதானே உனக்கு?" என்று மூச்சிரைத்தபோது, தன்னுள் நெடுநாள் தீட்டி வைத்திருந்த விடையை அவள் நிதானமாய் உருவினாள்.

"ஏன் அண்ணி, ஜெபம் பண்ணினது தப்பா?"

அவ்வின்பம் வீடு வந்து சேரும்வரை நீடித்தது. பாயசம் காய்ச்சும்வரை நீடித்தது. வெயில் தாழ்ந்த பொழுதில் வாயிற்கதவருகே ஈருருளி ஒன்று வந்து நின்றது. பிரேமகுமார் உள்ளே வரவில்லை. கம்பிக் கதவைப் பற்றியபடி நின்றான்.

"அம்மா போன் பண்ணாங்க" என்றான். "வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டாங்க."

பிரவீனா கதவின் தாழை நீக்கக் கைநீட்டினாள்.

"உங்க கோபம் அவங்க மேலதானே, அத்தை? நான் என்ன செஞ்சேன்?" அவன் குரலில் சினமில்லை, வழி தவறியவன் ஊர்ப்பெயர் கேட்பதுபோல் கேட்டான். "இன்னும் ரெண்டு நாள்ல நானே சொல்லியிருப்பேன். அழுதிருப்பாங்க, அடிச்சிருப்பாங்க, ஆனா உள்ள விட்டிருப்பாங்க."

விடை வேண்டி அவன் காத்திருக்கவில்லை. வண்டியோசை தெருமுனையில் தேய்ந்து மறைந்தபின், தன் பின்னால் லோஷினி நிற்பதைப் பிரவீனா கண்டாள்.

"பிரேம் அத்தான் அன்னைக்குச் சிரிக்கவே இல்லையேம்மா" என்றாள் மகள்.

"உனக்காகத்தான்டா செஞ்சேன்."

லோஷினி தாயை உற்றுநோக்கினாள். தன் படுக்கையைப்பற்றி ஞானசீலி அத்தைக்கு யார் சொன்னது என்பதை அவள் அப்போதுதான் கூட்டிப் பார்த்தாள் போலும். "நீங்க எல்லாத்தையும் சொல்லிடுவீங்க" என்று மெல்லக் கூறிவிட்டு, தன் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே பிரவீனா தெப்ராவுக்குச் சென்று, பிரித்துப் போட்ட பெட்டிகளின் நடுவே அமர்ந்திருந்த பிரேமகுமாரிடம் அழுது மன்னிப்புக் கேட்டாள். "பரவால்ல அத்தை" என்று அவன் சொன்னான். திருகாணியினின்று கண்ணை உயர்த்தவில்லை. ஞானசீலியிடம் மட்டும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க அவள் நா இணங்கவுமில்லை. ஞானசீலி வேறொரு சபைக்கு மாறிப்போனாள். மகனைச் சேர்த்துக்கொள்ள அவளுக்கு ஓராண்டு சென்றது என்பர்.

காலம் செய்ய வேண்டியதைக் காலம் செய்தது. லோஷினியின் படுக்கை நனைவது தானே நின்றது. அந்தியில் பாட்டெடுத்துக் கொடுக்கவும் தொடங்கினாள். குரலும் முன்னிலும் இனிமையாய் முதிர்ந்தது. இப்போது அவள் பள்ளியினின்று திரும்பி வருகையில், முகம் வாடியிருப்பதைக் கண்டு பிரவீனா அருகமர்ந்து, "என்னடா ஆச்சு, அம்மாகிட்ட சொல்லேன்" என்று கேட்பாள். மகள் பணிவோடு புன்னகைத்து, "ஒன்னும் இல்லம்மா" என்பாள். பகைத்தவளை வென்ற தாய், தான் பெற்ற நெஞ்சின் வாயிலில் அயலாள்போல் நின்று, தட்டவும் துணியாது, பெயரவும் மாட்டாது, அவ்விரு சொற்களையே நாளும் கூலியாய்ப் பெற்று வருகின்றாள்.