குரல் வந்த வழி

கரண்டி உதட்டில் பட்டதும் சௌந்தரநாயகி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கஞ்சி நாடியால் வழிந்து கழுத்து மடிப்புக்குள் இறங்கியது. பிரியவதனி துவாயால் துடைக்கப் போனபோது தாய் அந்தக் கையை மெல்ல விலக்கினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் ஆளின் கை தவறுதலாக மேலே பட்டால் விலக்குவோமே, அந்த மாதிரி, மரியாதையாக.

"வேண்டாம். உமக்கு ஏன் கரைச்சல்? நிலாந்தி தருவாள்."

பிரியவதனியைத் தாய் ஒருநாளும் 'நீர்' போட்டுப் பேசியதில்லை. நீ, பிள்ளை, கோபம் வந்தால் மூதேவி. கனடாவிலிருந்து வந்து இறங்கிய நாள் தொடக்கம் 'நீர்' தான். வீட்டுக்கு வந்த ஆரோ ஒரு பெண்ணை விளிக்கிற நீர்.

சௌந்தரநாயகி தலையைத் திருப்பி, கட்டிலின் மற்றப் பக்கம் நின்ற மகனைத் தேடினாள். "மயூரன், இவவை ஒரு வழி பண்ணி அனுப்பிவிடு. என்ரை பிள்ளை வந்தால் படுக்க அந்த அறை ஒண்டுதானே கிடக்கு."

மயூரநாதன் அக்காவைப் பார்த்தான். பிறகு யன்னலைப் பார்த்தான். பிரியவதனி கஞ்சிக் கோப்பையைத் தம்பியின் மனைவி நிலாந்தியிடம் கொடுத்துவிட்டுக் குசினிப் பக்கமாக வெளியே போனாள். நிலாந்தி ஊட்டியபோது தாய் இரண்டு கரண்டி விழுங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது.

தை பிறந்த கையோடு சௌந்தரநாயகியின் மூளையில், வலது பக்கத்தில், ஒரு சின்ன இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கைகால் தப்பிவிட்டது, பேச்சும் தப்பிவிட்டது. ஆனால் ஏற்கெனவே களைத்திருந்த இதயம் அதற்குப் பிறகு நிமிரவேயில்லை. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் மயூரன் அவளை வேலணை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அக்காவுக்கு அறிவித்தான். அவள் கிடைத்த முதல் விமானத்தில் ஏறினாள். தகப்பன் செத்தபோது அவளுக்கு அங்கே வதிவிடக் காகிதம் கிடைத்திருக்கவில்லை. செத்தவீட்டை ஒரு போனின் திரையில், பாதி ஆடியும் பாதி உறைந்தும் போன படங்களாகத்தான் பார்த்தாள். அம்மா போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன் என்று அன்றைக்கே தனக்குச் சொல்லி வைத்தவள். அதற்குப் பிறகு பிள்ளைகள், வேலை, வீட்டுக் கடன் என்று வருசங்கள் போய்விட்டன. அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை.

வாசலில் வந்து நின்றவளைத் தாய் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கழுத்திலிருந்த மச்சத்தையும் பார்த்தாள். பிறகு மகனிடம் தணிந்த குரலில் கேட்டாள், "ஆரடா இது, எங்கடை வதனியைப் போலவே கிடக்கு?"

கூட நின்று அழுதும், சின்ன வயதுக் கதைகளைச் சொல்லியும் பிரியவதனி பார்த்துவிட்டாள். தாய் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். இரவு நிலாந்தியிடம், "குரலையும் பழகி வைச்சிருக்கிறா" என்று வியந்தாள். ஒருநாள் மத்தியானம் தாய் நித்திரையாக இருந்தபோது பிரியவதனி அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண் விழித்த சௌந்தரநாயகி போட்ட சத்தத்தில் பக்கத்து வளவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

அப்படி ஓடிவந்தவர்களில் நாகபூசணியும் ஒருத்தி. போகும்போது விறாந்தையில் நின்று, எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். "பதினைஞ்சு வருசம் போனுக்குள்ளை இருந்த பிள்ளை. திடீரெண்டு வெளியிலை வந்தால் பெத்தவளுக்கு எப்பிடியணை தெரியும்?"

பிரியவதனிக்கு இது என்ன நோய் என்று தெரியும். ரொறன்ரோவில் அவளுடைய வேலையே தலைகளோடுதான். நோயாளியின் தலையில் வரிசையாக மின்வாய்களை ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்துடிப்புகளைக் கோடுகளாகப் பதிவு செய்வாள். பயந்துபோய் இருக்கிறவர்களுக்கு, எந்தக் கோடு எங்கேயிருந்து வருகிறது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாள். அது அவளுக்குப் பிடிக்கும். விளங்கிய முகத்தில் பயம் பாதியாகக் குறைவதை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

கிணற்றடியில் மிளகாய்ப் பாத்திக்குப் போகிற குழாயை ஒட்டிக்கொண்டிருந்த தம்பிக்கும் அப்படித்தான் சொன்னாள். இது மறதி இல்லை. மறந்திருந்தால் அம்மா ஆர் நீர் என்று கேட்டிருப்பா. அவவுக்கு மச்சம்வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில், முகங்களை அடையாளம் காண்பதற்கென்றே ஓர் இடம் உண்டு. இது இன்னாருடைய முகம் என்று அது சொல்லும். அதோடு அதன் வேலை முடிந்தது. அங்கேயிருந்து நரம்பு இழைகள் இன்னும் உள்ளே, பாதாம் பருப்பு அளவான வேறோர் இடத்துக்குப் போகின்றன. பெற்ற பிள்ளையைக் கண்டதும் நெஞ்சு ஒருதரம் துள்ளுகிறதே, அந்தத் துள்ளல் அங்கேதான் தொடங்குகிறது.

"இந்தப் பம்பைப் போலத்தான். பம்பு ஓடுது. குசினித் தொட்டிக்குத் தண்ணி வருது. பாத்திக்குப் போற குழாய் மட்டும் வெடிச்சிட்டுது. அம்மாவுக்கு என்ரை முகம் முழுசாத் தெரியுது. ஆனா அதைப் பாக்கேக்கை ஒண்டுமே வரேல்லை. மூளைக்கு விளக்கம் இல்லாமல் இருக்க ஏலாது, மயூரன். முகம் சரி, மனசுக்கு ஒண்டும் வரேல்லை, அப்ப இது வேறை ஆராவதுதான் எண்டு தானே ஒரு கதையைக் கட்டிப்போடும்."

மயூரன் ஒட்டிய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். "குழாய் எண்டால் நான் இப்பவே ஒட்டித் தந்திடுவன், அக்கா." பிறகு கேட்டான், "அப்ப என்னை எப்பிடித் தெரியுது? நானும் முகத்தோடைதானே திரியிறன்?"

"அது தெரியாது. சில பேருக்கு ஒரே ஒரு ஆளிலைதான் இந்த மாறாட்டம் வருமாம். கூடுதலா, ஆகலும் கிட்டின ஆளிலை."

மயூரன் தலையாட்டினான். அக்கா தன்னைத்தானே தேற்றிக்கொள்வதாக நினைத்திருக்க வேண்டும்.

அவள் தம்பிக்குச் சொல்லாத ஒன்றும் இருந்தது. இரண்டு நரம்புக் கலங்கள் சேர்ந்து சேர்ந்து துடித்தால் அவற்றுக்கிடையிலான பொருத்து வலுக்கும். பாவிக்காத பொருத்து நலிந்து போகும். குழந்தையின் மூளை வளர்வது அப்படித்தான், கிழவியின் மூளை கடைசிவரை மாறிக்கொண்டிருப்பதும் அப்படித்தான். பதினைந்து வருசம் அந்த முகத்தைக் கண்டு துள்ளாமல் கிடந்த இழைகள், ஒரு சின்ன அடைப்பைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு மெலிந்து போயிருக்குமோ? அப்படி எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. நாகபூசணி மட்டும்தான் சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் சௌந்தரநாயகி மகனைக் கூப்பிட்டுத் தன்னுடைய பட்டன் போனை நீட்டினாள். "வதனிக்கு எடு. வீட்டிலை ஒருத்தி வந்து நிக்கிறாள் எண்டு அவளுக்குச் சொல்ல வேணும்."

அக்காவின் உள்ளூர் இலக்கம் அவனுக்குத் தெரியும். என்ன நினைத்தானோ, அழுத்திவிட்டான். கட்டிலின் கால்மாட்டில் நின்ற பிரியவதனியின் கைக்குள் போன் அதிர்ந்தது. அவள் குசினியைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வேலியோரம் நின்ற முருங்கைவரை ஓடித்தான் அதைக் காதில் வைத்தாள்.

"அம்மா?"

"பிள்ளை, படுத்திட்டியே? நித்திரையாலை எழுப்பிப்போட்டனோ?"

எத்தனை நாளைக்குப் பிறகு அந்த 'பிள்ளை'. பிரியவதனி வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள். காதுக்கு வேறு வழி. குரலை அடையாளம் காணும் இடத்திலிருந்து அந்தப் பாதாம் பருப்புக்குப் போகிற இழைகள் தனி. அந்த வழி திறந்தே கிடந்தது. அவளுக்கு இது முன்னமே மனதில் ஓடியிருக்க வேண்டும். படித்ததுதான்; படித்ததை அம்மாவோடு சேர்த்துப் பார்க்க மனம் விடவில்லை.

"இல்லை அம்மா. இன்னும் படுக்கேல்லை."

"குளிரே அங்கை?"

"ஓம். சினோப் பனி கொட்டுது." காலடியில் மணல் சுட்டது. மற்றக் காலுக்கு மாறி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. தாய்க்கு அது யன்னலாலும் கேட்டது, போனாலும் கேட்டது. "உங்கையும் பாண்காரன் வாறவனே?" என்றாள்.

"ஓம் அம்மா. இஞ்சையும் வாறவன்."

"நல்லது." அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வந்து நிற்கிறவளைப் பற்றி முறையிடத் தொடங்கினாள். உன்னைப் போலவே இருக்கிறாள், உன்ரை மச்சத்தையும் வைச்சிருக்கிறாள், களவெடுக்க வந்தவளாகத் தெரியவில்லை, அது உண்மை. மூத்திரச் சட்டியெல்லாம் அரியண்டம் பார்க்காமல் எடுக்கிறாள். "பாவம் பிள்ளை, அவளும் ஆரோ பெத்தவள்தானே. சாப்பிட்டாளோ என்னவோ, முகம் வாடிக் கிடக்கு. நிலாந்தியைப் பாக்கச் சொல்லு."

பிரியவதனி, சொல்லுகிறேன் என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே போனது. அறைக்குள் வந்தால் அவள் ஆரோ. சீலையை மாற்றி, உடம்பைப் புரட்டி, பேச்சில்லாமல் வெளியே போவாள். முருங்கையடியில் மகளாகி, கனடாவில் என்ன சமைத்தாள், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கதைப்பாள். நிலாந்திக்கு ஒருநாள் சிரிப்பு வந்துவிட்டது. "மச்சாள், மாமிக்கு உங்களைவிட உங்கடை போனிலைதான் பாசமும் வாரப்பாடும்" என்று சொன்னவள், சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். பிரியவதனியும் சிரித்தாள்.

கஞ்சியை மறுத்த அன்று மத்தியானம் தாயின் மூச்சு மாறியது. நாலைந்து மூச்சு வேகமாக வந்தது. பிறகு நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு திரும்ப வந்தது. நிலாந்தி விளக்கை ஏற்றி வைத்துச் சிவபுராணத்தைத் தொடங்கினாள். சௌந்தரநாயகி உதட்டை அசைத்தாள். மயூரன் குனிந்து கேட்டுவிட்டு, பட்டன் போனை எடுத்தான்.

பிரியவதனி அதற்கு முன்பே முருங்கையடிக்கு வந்துவிட்டாள்.

"எப்ப பிள்ளை வருவாய்?" சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு வந்தது. "அவள் இஞ்சை நிண்டவள். இப்ப காணேல்லை. எனக்குத் தனியக் கிடக்கப் பயமா இருக்கு."

"வெளிக்கிட்டிட்டன், அம்மா. வந்துகொண்டிருக்கிறன்."

குசினி வாசலில் நிலாந்தி வந்து நின்றாள். கையில் சின்னப் பேணியில் பால். போனில் கேட்காதபடி குரலைத் தணித்துச் சொன்னாள், "மச்சாள், பால் விட வாங்கோ. நீங்கள்தானே மூத்த பிள்ளை. இனி அவவுக்கு என்ன தெரியப் போகுது?"

பிரியவதனி போனைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அறைவாசல்வரை வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். தாயின் கண்கள் திறந்திருந்தன. கட்டிலின் ஓரத்தில் அந்தக் கை மல்லாந்து கிடந்தது. நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். பிடித்தால், அந்தக் கண்கள் திரும்பிப் பார்க்கும். பார்த்து, ஆரோ ஒருத்தியின் கைக்குள் தன் கை இருப்பதைக் கண்டு, பயந்து போகும். கடைசிப் பயம். ஆள் அசையாமல், கண் ஒன்றையும் தேடாமல் கிடக்கும்போதுகூட, ஒரு சத்தத்துக்கு மூளையின் கோடு எழும்புவதை அவள் வேலையில் பார்த்திருக்கிறாள். காது எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் போகும்.

"நீரே பாலை விடும், நிலாந்தி" என்றாள். திரும்பி வெளியே நடந்தாள்.

முருங்கையடிக்குப் போய்ச் சேரும்வரை போன் பொத்தியபடியே இருந்தது. தலைப்பை எடுத்தபோது அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா, கட்டுநாயக்கா எயார்போட்டிலை இறங்கிட்டன். ஒரே சனம். பெட்டி வர நேரமாச்சு." மூச்சு நின்றது, வந்தது. "இப்ப யாழ்ப்பாண பஸ்ஸிலை இருக்கிறன். யன்னல் பக்கம் கிடைச்சுது. பக்கத்திலை ஒரு மனிசி குழந்தையோடை. குழந்தை என்ரை தோளிலை நித்திரையாப் போச்சுது." அவள் ஒன்றையும் கட்டிச் சொல்லவில்லை. வந்ததைத்தான் சொன்னாள். கனடாவிலிருந்து வந்த அன்றைக்கு, வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று சேர்த்து வைத்தவை. "பண்ணைப் பாலத்திலை ஏறிட்டன், அம்மா. ரெண்டு பக்கமும் கடல். தண்ணி வத்திக் கிடக்கு. மீனுக்கு நட்ட களங்கட்டித் தடியளிலை காகம் இருக்குது. அல்லைப்பிட்டி வந்திட்டுது. மண்கும்பானிலை ஆரோ ஏறுகினம், பஸ் நிக்குது."

உள்ளே நிலாந்தி திரும்பத் தொடங்கியிருந்த சிவபுராணம் நின்றுவிட்டது. அது பாதியில் நின்றது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வேலணையிலை இறங்கிட்டன். ஓட்டோ ஒண்டும் இல்லை. பரவாயில்லை, நடந்து வாறன்."

குசினிக் கதவருகே மயூரன் வந்து நின்றான். பட்டன் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். சத்தத்தைக் கூட்டித் தாயின் காதோடு வைத்திருந்தது, அப்படியே. அவன் அதை நிறுத்தவில்லை.

பிரியவதனி அவனைப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஒழுங்கைக்குள்ளை வந்திட்டன், அம்மா. நாய் குலைக்குது. இந்தா, படலையைத் திறக்கிறன்."

ஒரு கணம் பிந்தி, தம்பியின் கைகளுக்குள்ளிருந்து அந்தக் குரல் அவளுக்குக் கேட்டது.