பச்சைக் கேடயம்

"டிங்!"

மடிக்கணினித் திரையில் பச்சைக் கேடயம் ஒன்று முளைத்தது. அதற்குள் 'பாதுகாப்பு உறுதி'.

மாமா ரூட்டரின் தலையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். "பாத்தீங்களா சார்? இந்த வீட்டு வைஃபைக்குள்ள ஈ கூட நுழையாது."

சோபாவில் இருந்த தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். "அப்ப டீச்சர்தான்."

விஷயம் இதுதான். கணக்கு டீச்சரின் வீட்டுக் கணினியில் மட்டும் இருந்த தேர்வு வினாத்தாள், தேர்வுக்கு முன்பே ஊர் சுற்றிவிட்டது. யாரோ வைஃபை வழியாகப் புகுந்து எடுத்திருக்கிறார்கள் என்பது டீச்சரின் கட்சி. புக முடியுமா என்று பார்க்கத்தான் மாமாவின் நிறுவனத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். முடியாது என்றால் டீச்சருக்கு வேலை காலி. உத்தரவு தலைமையாசிரியரின் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

"கையெழுத்து போடும்மா," என்று அக்கா மகளிடம் சோதனைச் சான்றிதழை நீட்டினார் மாமா. நிறுவனம் மாமாவுடையது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள் அவள்.

"மாட்டேன்."

"என்னது?"

"மாட்டேன் மாமா. இந்த மென்பொருள் நான் ரெட்டைச் சடை போட்ட காலத்துது. அப்ப இருந்த வைஃபைப் பூட்டைத்தான் இதுக்கு உடைக்கத் தெரியும். புதுப் பூட்டுன்னா கொஞ்ச நேரம் முழிக்கும். அப்புறம் 'என்னால முடியல, அதனால எவனாலயும் முடியாது'ன்னு கேடயத்தைக் காட்டிடும்."

மாமா தலைமையாசிரியரைப் பார்த்து இளித்தார். "வெயில்ல வந்தா பொண்ணுக்கு இப்படித்தான் சார்." பிறகு அவள் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்தபடி, "அக்கா மகளாச்சேன்னு சேத்துக்கிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

திரையில் அப்டேட் கேட்டு ஒரு வரி தெரிந்தாலே மாமா பதறிப்போய் மூடிவிடுவார். அப்டேட் போட்டால் இந்த மென்பொருள் படுத்துவிடும். கேடயம் இல்லாமல் ஸ்டிக்கர் ஏது?

அவள் எழுந்தாள். விறுவிறுவென்று சுவர் ஓரம் போய் ரூட்டரின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன. பெட்டியைக் கொண்டுவந்து தலைமையாசிரியரின் மடியில் வைத்தாள்.

"பத்திரமா பிடிச்சுக்குங்க சார். மாமா, இப்ப மறுபடி சோதனைப் பட்டனை அழுத்துங்க."

"லூசா நீ?"

"அழுத்துங்க. பயமா?"

"அழுத்துங்களேன்," என்றார் தலைமையாசிரியர்.

மாமா வேறு வழியின்றி அழுத்தினார். கோடு ஒன்று திரையில் ஊர்ந்தது. டீச்சர் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள். மாமாவின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"டிங்!"

பச்சைக் கேடயம். பாதுகாப்பு உறுதி.

தலைமையாசிரியர் மடியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது... ஆஃப்ல இருக்கே?"

"ஆமா சார். இஸ்திரிப் பெட்டியை வச்சாலும் இதையேதான் சொல்லும்."

"நாளையிலருந்து ஆபீஸ் பக்கம் தலை காட்டாதே!" மாமா வெடித்தார்.

"காட்டல. சுவத்துல மாட்டியிருக்கீங்களே என் லைசென்ஸ், அதைக் கழட்டிக் குடுத்திடுங்க."

தலைமையாசிரியரின் கை சட்டைப்பை வரை போய்த் திரும்பியது. "அப்ப எடுத்தது வெளியாளா?"

"தெரியாது சார். இப்ப இங்க இருக்குற யாருக்கும் தெரியாது. அதுதான் நிஜம். இரவல் வாங்கியாவது புதுக் கருவியோட நாளைக்கு வர்றேன். பூட்டு நிஜமாவே உறுதின்னு வந்தா, அது டீச்சருக்குப் பாதகமா இருந்தாலும், கையெழுத்து போட்டுத் தருவேன்."

டீச்சர் முன்னால் வந்தாள்.

"போடு. காலையிலேயே வா. சார், நீங்களும் வரணும். அதுவரைக்கும் அந்த உத்தரவு உங்க பையிலேயே தூங்கட்டும்."

தலைமையாசிரியரின் மடியிலிருந்த ரூட்டரின் ஸ்டிக்கரை டீச்சர் நகத்தால் உரித்தாள். மாமாவின் மடிக்கணினி மேல் பளிச்சென்று ஒட்டி, அழுத்தித் தேய்த்தாள்.

"கொண்டு வந்ததை நீங்களே எடுத்துட்டுக் கிளம்புங்க."