உண்ணத் தகாதது

திருநகரைத் தாண்டியதும் கையைக் காட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். நான் பதறவில்லை. பதற என்ன இருக்கிறது? பின்னால் இருப்பது ஒன்பது பீப்பாய் உருக்கிய கொழுப்பு. மதுரைக் கறிக்கடைகளில் மிஞ்சுவதெல்லாம் அப்துல் லத்தீப் மச்சானின் கொட்டகையில் உருகி, கப்பலூர் சோப்புக் கம்பெனிக்குப் போகிறது. இருபத்திரண்டு வருசமாக நான்தான் ஏற்றிப் போகிறேன். ஜெயபாண்டி என்றால் டோல்கேட்டில்கூடத் தெரியும். நெய்யில் கொழுப்பைக் கலக்கிறார்கள் என்று டிவியில் ஓடியதிலிருந்துதான் கெடுபிடி கூடிப்போயிற்று. கொழுப்பு ஏற்றும் வண்டியில் தின்கிற பொருள் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது. ஏனத்துக்கு ஏனம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்: ‘விலங்குக் கொழுப்பு. உண்ணத் தகாதது.’ எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது. ஒட்டக் கூடாத ஒன்றிலும் ஒட்டியிருந்தது, அதுதான் வினை.

பீப்பாய்களுக்கு நடுவே ஒரு சின்னத் தகர டின். அதில் இருந்தது நெய். மச்சானின் பெண்டாட்டி பக்ருன்னிசா அக்கா உருக்கிய நெய். கூடப் பிறக்கவில்லையே தவிர அவர் எனக்கு அக்காதான். என் மகள் அஸ்வினி பிறந்தபோது, “பெத்த உடம்பு நெய்யிலதான்டா தேறும், முத்துத்தாயிகிட்டக் குடு” என்று இதே மாதிரி ஒரு டின் என் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டார். வெண்ணெய் உருக்கும் நாளில் மச்சான் குளிக்காமல் அடுப்பங்கரைப் பக்கம் வர முடியாது. “ஒங்க கொழுப்பு வேற, எந் நெய்யி வேற. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கப்படாது” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். முருங்கைக் கீரை பொரிகிற வாசம் தெருமுனை வரைக்கும் வரும். கடைசியில் நாலு கல் உப்புப் போட்டு இறக்குவார். இப்போது நினைத்தாலும் நாக்கில் ஊறுகிறது.

அஸ்வினி முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதுமே இந்த டின்னை உருக்கி வைத்துவிட்டார். அப்போதே அக்காவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. குழம்பில் உப்பை மறப்பார். சில நாள் என் பெயரே வராமல் நின்று சிரிப்பார். அவர் மௌத்தாகி இன்றைக்கு நாற்பத்தோராம் நாள். பேரையூரில் என் வீட்டில் அஸ்வினி பிள்ளை பெற்றுப் பதினாறு நாள். காலையில் மச்சான் அலமாரியிலிருந்து டின்னை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கொட்டகையைத் தாண்டுகிற ஏனம் எதுவானாலும் ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய கை, இதிலும் ஒட்டிவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. “இருக்கட்டும் மச்சான், வீட்டுல போயி உரிச்சுக்கிறேன்” என்று சொல்லி, முன்னால் வைத்தால் சாயுமென்று பீப்பாய்களுக்கு நடுவில் செருகினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு பெண். கழுத்து அட்டையில் தமிழ்வாணி என்று இருந்தது. பக்கத்தில் ஒருவர் எல்லாவற்றையும் கேமராவில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சீட்டுல ஒம்பது பீப்பாதான் போட்ருக்கு. இது என்னண்ணே?”

மூடியைத் திறந்தார். அந்த வாசம் எழும்பியது. அவர் முகம் ஒரு நொடி இளகியதைப் பார்த்தேன். அவரும் யாரோ ஊட்டிய நெய்ச்சோறு தின்று வளர்ந்தவர்தானே. பிறகு கேமரா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

“யோசிச்சுச் சொல்லுங்க. திங்கிற பொருளுன்னா, கொழுப்போட ஏத்துனதுக்கு பாயோட லைசென்ஸ நிப்பாட்டணும். எனக்கு வேற வழியில்ல. கொழுப்புதான்னா, சீட்டுல பத்தாவதா ஏத்தி சீல் வைக்கிறேன். கம்பெனியில கொட்டி, பத்துக்கும் முத்திரை வாங்கி அனுப்பணும்.”

நெய்யில் கொழுப்பைப் பிடிக்க வந்தவர்கள் கொழுப்பில் நெய்யைப் பிடித்துவிட்டார்கள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். கொட்டகையை மூடிவிட்டால் மச்சானுக்குப் போக்கிடம் ஏது? அக்கா இல்லாத வீட்டில் பகல் முழுக்க எப்படி உட்கார்ந்திருப்பார்?

“கொழுப்புத்தாம்மா” என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்காமலே எழுதினார்.

கப்பலூரில் கொப்பரைக்காரர் சின்னக்கருப்பன் சீலை உடைத்து, கொழுப்புக் கொதிக்கும் கொப்பரையில் டின்னைக் கவிழ்த்தார். “என்னய்யா, நெய்யி கணக்கா மணக்குது?” என்றார். “ஊத்துண்ணே” என்றேன். மணல் மணலாக மஞ்சள் இறங்கிக் கொழுப்போடு கலந்தது. பொரிந்த இலை இரண்டு மேலே மிதந்து சுற்றின. கொழுப்பையும் நெய்யையும் ஒன்றையொன்று பார்க்க வைத்துவிட்டேனே, பாவி.

முத்திரை வாங்கிக்கொண்டு, காலி டின்னை மடியில் வைத்தபடி வண்டியில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மச்சான்தான்.

“மாப்ள, ஊருக்குப் போயிட்டியா?”

“போயிக்கிட்டே இருக்கேன் மச்சான்.”

“ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுய்யா. நெய்யில உப்புக்கல்லு போட்ருக்காளா? கடைசியில அவளுக்கு எல்லாமே மறந்துபோச்சுல்ல. நம்ம அஸ்வினிக்குச் செய்யிறப்பவாச்சும் ஞாபகம் இருந்துச்சான்னு…”

“இருங்க மச்சான்.”

டின்னைச் சாய்த்தேன். அடிமூலையில் நெய்க் கசண்டு கொஞ்சம் ஒட்டியிருந்தது. வெளியே அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் ஓரம்கூடப் பிரியாமல் இருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். முதலில் கீரை வந்தது. பிறகு பல்லில் நறுக்கென்று ஏதோ கடிபட்டது.

“மாப்ள?”

“போட்ருக்கு மச்சான்.”

டின்னை வெயிலுக்குத் திருப்பினேன். மூலையில் இன்னும் மூன்று கல் கரையாமல் கிடந்தன.