ஜன்னல் இல்லாத வேன்

அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வாய்தான் கசக்கும். இளையரசனேந்தல் ரோட்டிலிருந்து பிரிந்து கரிசல் காட்டுக்குள் போகிற ஒரு வண்டிப்பாதை, பாதை முடிகிற இடத்தில் ஒரு கண்மாய், கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஊர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அது எண்பத்திரண்டாம் வருஷம். சங்கரன்கோவில் தறிக்காரர்களிடம் சேலையும் துண்டும் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பதுதான் எங்கள் பிழைப்பு. பஸ்ஸில் மூட்டை ஏற்றி இறக்கி முதுகு ஒடிந்தது போதும் என்று, என் வீட்டுக்காரர் பெத்துராஜ் ஒரு ரொட்டிக் கம்பெனி ஓட்டிக் கழித்த மெட்டடோர் வேனை வாங்கி வந்தார். இனி வண்டியிலேயே விற்போம், வண்டியிலேயே சமைப்போம், வண்டியிலேயே படுப்போம் என்றார். ரொட்டித் தட்டு அடுக்கிய கம்பிகளில் சேலைக் கட்டுகளை அடுக்கினார். தரையில் பலகை அடித்து மெத்தை விரித்தார். பின்கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தார். அதுவும் நான் சோறு பொங்காமல் முரண்டு பிடித்த பிறகுதான்.

ஜன்னல் மட்டும் வைக்கவே மாட்டேன் என்றுவிட்டார். சேலையில் தூசி ஏறுமாம். பக்கவாட்டுத் தகட்டில் கையகலத்துக்கு வெட்டி, கம்பிவலை அடித்து, "இந்தா ஒனக்குக் காத்து" என்றார். மனுஷனா இவர்! நானும் என் மகள் எஸ்தரும் அந்தத் தகரப் பெட்டிக்குள் வெந்து போவோம். நாலு வயசுப் பிள்ளை, வெந்தால் அழத்தானே செய்யும்?

அந்த வாரம் சங்கரன்கோவில் முழுக்க ஒரே பேச்சு. எங்கேயோ பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கவில்லையாம், பலி கொடுக்க வேனில் வந்து பிள்ளை பிடிக்கிறார்களாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தறிக்காரர் சங்கரசுப்பு அண்ணாச்சி எங்களைப் பிடித்து நிறுத்தியே சொன்னார்.

"பெத்துராஜு, இந்த வாரம் காட்டு ஊருக்குப் போவாதயும் வே. வேனைப் பாத்தாலே கல்லைத் தூக்குதானுவ."

"நம்ம மூஞ்சியப் பாத்தா பிள்ளை புடிக்கவன் மாதிரியா இருக்கு, அண்ணாச்சி?" என்று இவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியில் தங்குகிறவர்களுக்கு என்று நானே சில முறைகள் வைத்திருந்தேன். எந்த ஊரில் நிறுத்தினாலும் முதலில் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும், இன்னார் வந்திருக்கிறோம், ராத்திரி தங்கிக்கொள்கிறோம் என்று. கதவைத் திறந்து போட்டு, பிள்ளையை நாலு பேர் பார்க்க வாசலில் உட்கார்த்த வேண்டும். அப்புறம், இறக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். ஏனென்றால் எங்கள் வண்டி சாவிக்கு மசியாது. பேட்டரி அவ்வளவு லட்சணம். உருண்டால்தான் ஸ்டார்ட் ஆகும்.

அன்றைக்கு இரண்டை அவர் மீறினார், ஒன்றை நானே மீறினேன். காலையில் எங்களுக்குள் சண்டை. அந்த வீம்பில், பொழுது சாய்கிற நேரம் கண்மாய்க் கரைக்குக் கீழே, குண்டுச்சட்டி மாதிரிப் பள்ளத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்.

"இங்கன ஏன் நிறுத்துதிய? மேட்டுல ஏத்துங்க. ஊருக்குள்ள போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்று வலை வழியாகக் கத்தினேன்.

"ஒன் சட்டத்தை எல்லாம் ஒன் அப்பன் வீட்டுல வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். அந்தக் கிணறு யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை.

வெளியே புழுதிக் காற்று. நான் கதவைச் சாத்தி ஸ்டவ்வில் கஞ்சியைச் சூடு பண்ணிவிட்டு அணைத்தேன். எஸ்தர் தூக்கக் கலக்கத்தில் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். ஆடு பத்திக்கொண்டு போன ஒருவன் நின்றான். ஜன்னல் இல்லாத ஒரு வேன், சாத்தின கதவு, உள்ளே ஒரு பிள்ளையின் அழுகை. அவன் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினான்.

வலையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

கரையில் கூட்டம் ஏறியது. கம்பு, களைக்கொட்டு, கல். முன்னால் வந்தவனை மற்றவர்கள் வெள்ளத்துரை என்று கூப்பிட்டார்கள். கிணற்றடியில் இவரைப் பிடித்து, இவர் தோளில் கிடந்த துண்டாலேயே கையைப் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். சட்டை கிழிந்து, உதடு கிழிந்து, "ஏங்க அண்ணாச்சி, உள்ள இருக்கது என் பிள்ளைதாங்க, என் பெண்டாட்டிதாங்க" என்று அவர் சொல்லச் சொல்ல ஒருவன் வாயிலேயே போட்டான். காலையில் அந்த ஆளைச் செத்துப்போ என்று வைதவள் நான். இப்போது அவர் பேரைச் சொல்லி வலையைப் பிடித்து உலுக்கினேன்.

கதவில் கல் விழுந்தது. தகரம் முழங்கியது. எஸ்தர் இன்னும் உரக்க அழுதாள்.

"ஏட்டி, கதவைத் தொற! பிள்ளையை வெளிய விடு!" இது வெள்ளத்துரை.

"எம் பிள்ளைடா! நான் பெத்த பிள்ளை!"

"புடிக்க வாறவ எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. தொறக்கியா, வண்டியக் கொளுத்தட்டுமா?"

கொளுத்துவான். உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ், கட்டுக் கட்டாகச் சேலை. கதவைத் திறந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு எங்களை அடித்துக் கொல்வார்கள். திறக்காவிட்டால் நானும் பிள்ளையும் கரி. தப்பி ஓடலாம் என்றால் வண்டி பள்ளத்தில்.

காலையில் பல் விளக்க ஒடித்த வேப்பங்கொப்பு இலையோடு மூலையில் கிடந்தது. அதை எடுத்தேன். ஆண்டவரே, என்னை மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கம்பிவலையின் ஒரு ஓரத்தைப் பிய்த்துக் கொப்பை வெளியே நீட்டித் தொங்கவிட்டேன்.

"பிள்ளைக்கு அம்மா வெளையாடுதா! சத்தம் போடாதிய! கிட்ட வராதிய!" என்று கத்தினேன்.

கல் நின்றது. ஒருவன் செருப்பைக் கழற்றினான். அவனைப் பார்த்து இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் வெறுங்காலில் நின்றார்கள். களைக்கொட்டு வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அடப் பாவிகளா! என் பிள்ளை அழுததற்கு இரங்காத கூட்டம் ஒரு கொப்புக்கு இரங்கியது.

வெள்ளத்துரைக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "இசக்கித்தாயக் கூட்டிட்டு வாங்கலே. அவ பாத்துச் சொல்லட்டும்" என்றான்.

அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடுகிறவளாம். வந்தாள். வற்றிய உடம்பு, எரிகிற கண். என் கதவில் வந்து நின்று, "தொற. நான் மட்டுந்தான் வாரேன். தொறக்காட்டி இவனுவள நான் தடுக்க முடியாது" என்றாள்.

திறந்தேன். ஏறினாள். தாழ்ப்பாளை அவளே போட்டாள். மூலையில் ஒரு சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எஸ்தரின் போர்வையை விலக்கினாள். வேர்வையில் மினுங்குகிற சுத்தமான உடம்பு. ஒரு கொசுக்கடிகூட இல்லை.

அவள் நிமிர்ந்து தகட்டில் ஒட்டியிருந்த இயேசு படத்தைப் பார்த்தாள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள்.

"பேரென்ன தாயி?" என்று பிள்ளையைக் கேட்டாள்.

"எஸ்தர்" என்றது என் மகள், வாய் நிறைய.

முடிந்தது என்று நினைத்தேன். கையில் கிடைத்த அரிவாள்மனையைப் பிடித்துக்கொண்டேன். இவள் வாயைத் திறந்தால் வெட்டுவதுதான் என்று இருந்தேன். எஸ்தர் அழுதபடி என் மடியில் ஏறி, என் முந்தானையை வாயில் வைத்துச் சூப்ப ஆரம்பித்தாள். தூக்கம் வந்தால் அவளுக்கு அது வேண்டும். இசக்கித்தாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க அம்மன வச்சா பொய் சொல்லுத?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அறைந்த மாதிரி இருந்தது.

"ஆமா சொன்னேன். நீங்க கல்லைத் தூக்குனா நான் வேற என்னத்தத் தூக்கட்டும்?"

அவள் மடியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தாள். எச்சிலில் குழைத்தாள்.

"போன வாரம் கோலமாவு விக்க ஒருத்தன் வந்தான். கூட ஒரு பொம்பளப் பிள்ளை. அது இப்படித்தான் அழுதுச்சு. பிள்ளை புடிக்கவன்னு மொதல்ல கூவுனது நான். பெறவு இவனுவ அடிச்சானுவ." எஸ்தரின் முகத்தில் மஞ்சளைப் பூசினாள். "அது அவன் பெத்த மக. அவனுக்கு இனிமே கண்ணு தெரியாதாம்."

நான் அரிவாள்மனையை விடவில்லை.

"வண்டி ஓடுமா?"

"தள்ளுனாத்தான் ஓடும். பள்ளத்துல கெடக்கு."

"தள்ள வைக்கேன். ஒனக்காவ இல்ல. எனக்கு நன்றி கின்றின்னு சொன்னே, பல்லத் தட்டிருவேன்."

"சொல்லுவேன்னு நெனைக்காத" என்றேன்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். கூட்டத்துக்கு எதிரே நின்று குரலை உயர்த்தினாள்.

"அம்மா முத்துப் போட்டிருக்கா! அவ இங்கன தங்கப் பிரியப்படல. தன் வீடு போய்ச் சேரணுங்கா. அந்த ஆளக் கட்டவிழ்த்து விடுங்க. வண்டியத் தள்ளுங்கலே! எல்லை தாண்டுற வரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

கட்டவிழ்த்தார்கள். இவர் தட்டுத் தடுமாறி டிரைவர் சீட்டில் ஏறினார். அத்தனை கையும் வண்டியில் விழுந்தது. கல் எடுத்த கை, துண்டால் கட்டிய கை, என் புருஷன் வாயில் போட்ட கை. பெண்கள் குலவை போட்டார்கள். வெள்ளத்துரை பின்கதவில் தலையை முட்டுக் கொடுத்து மூச்சுத் திணறத் தள்ளினான். அவன் தலை முட்டுகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. வண்டி பள்ளத்தை விட்டு ஏறியது, கரையில் உருண்டது, இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

வலை வழியாகப் பார்த்தேன். மேலெல்லாம் புழுதியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இசக்கித்தாய் மட்டும் கும்பிடவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நடந்தாள்.

எஸ்தர் மஞ்சள் முகத்தை வலையில் வைத்து எட்டிப் பார்த்தாள்.

"யம்மா, அந்த மாமாமாரெல்லாம் நல்லவங்களா?"

"வாயை மூடிட்டு அழாமப் படு" என்றேன். "இன்னும் ஊர் தாண்டலை."